ஆடைக் கொள்முதலில் கட்டாய உழைப்பைக் கண்டுபிடிப்பதும் தடுப்பதும்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆடை நிறுவனத்தின் கொள்முதல் பிரிவில் சேருபவர்களுக்கு முதல் வாரத்திலேயே ஒரு தடித்த நடத்தை விதித் தொகுப்பைக் கொடுத்துவிடுவார்கள். கட்டாய உழைப்பு கூடாது, குழந்தைத் தொழிலாளர் கூடாது, சங்கம் அமைப்பதைத் தடுக்கக் கூடாது என்று அதில் எல்லாமே சரியாக எழுதப்பட்டிருக்கும். சப்ளையர் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தியிருப்பார். அந்தத் தொகுப்பை வைத்துக்கொண்டு அன்றாட வேலையில் என்ன செய்வது என்பதை மட்டும் யாரும் சொல்லித்தருவதில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. சொந்தமாகச் சிறிய பிராண்டு தொடங்குகிறவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

படி 1: எதைத் தேடுகிறோம் என்பதில் தெளிவு

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் (ஐ.எல்.ஓ.) 1930ஆம் ஆண்டு ஒப்பந்தம் கட்டாய உழைப்புக்கு இரண்டு அடையாளங்களைச் சொல்கிறது. வேலை செய்பவர் தாமாக விரும்பி முன்வந்திருக்க மாட்டார். மறுத்தால் ஏதோ ஒரு தண்டனை காத்திருக்கும். அந்தத் தண்டனை அடி உதையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பாக்கிச் சம்பளம் போய்விடும், பாஸ்போர்ட் திரும்பக் கிடைக்காது, ஊரில் வாங்கிய கடனுக்கு வீட்டார் பதில் சொல்ல வேண்டிவரும் என்பவையும் தண்டனைகளே. 2021ஆம் ஆண்டு நிலவரப்படி உலகில் 2.76 கோடிப் பேர் கட்டாய உழைப்பில் இருந்ததாக அந்த அமைப்பும் வாக் ஃப்ரீ அமைப்பும் சர்வதேசப் புலம்பெயர்வு அமைப்பும் சேர்ந்து மதிப்பிட்டன. கட்டாயத் திருமணங்களையும் சேர்த்தால் நவீன அடிமைத்தனத்தின் கணக்கு 4.96 கோடி.

கட்டாய உழைப்பைக் கண்டுகொள்வதற்கு ஐ.எல்.ஓ. 11 அறிகுறிகளைத் தந்திருக்கிறது. ஆடைத் தொழிலில் அடிக்கடி தலைகாட்டுபவை இவை: கடனில் கட்டிப்போடுவது, அடையாள ஆவணங்களைப் பறித்துவைப்பது, சம்பளத்தை நிறுத்திவைப்பது, வெளியே போக விடாதது, ஒரு வேலையைச் சொல்லி வேறு வேலையில் சேர்ப்பது, அளவு மீறிய ஓவர்டைம்.

தமிழ்நாட்டு நூற்பாலைகளில் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் நடந்ததில் இவற்றுள் பல ஒன்றாகச் சேர்ந்திருந்தன. ஏழைக் குடும்பத்து இளம்பெண்களை மூன்றாண்டு ஒப்பந்தத்தில் சேர்த்து, விடுதியில் தங்கவைத்து, காலம் முடிந்ததும் திருமணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை தருவதாகச் சொன்னார்கள். இடையில் உடம்புக்கு முடியாமல் விலகினாலும் அந்தத் தொகை கைக்கு வரும் என்ற உறுதி இல்லை. ஒப்பந்தத்தை மட்டும் படிக்கிறவருக்கு இது ஏதோ சேமிப்புத் திட்டம் போலத்தான் தோன்றும். எந்தப் பணம் யார் கையில், எவ்வளவு நாள் தங்கியிருக்கிறது என்று பார்க்கத் தொடங்கினால்தான் உண்மை தெரியும்.

ஒரே ஓர் அறிகுறியைப் பார்த்ததும் தீர்ப்பெழுத வேண்டாம். இரண்டு மூன்று சேர்ந்திருந்தால் அந்த இடத்தை விட்டு நகர வேண்டாம்.

படி 2: ஒரு சட்டையின் பாதையை எழுதுங்கள்

பருத்தி வயல், பஞ்சிலிருந்து விதையைப் பிரிக்கும் ஜின்னிங் ஆலை, நூற்பாலை, நெசவு அல்லது பின்னல், சாயப்பட்டறை, கட்டிங், தையல், காஜா பட்டன், செக்கிங், பேக்கிங் என்று ஒரு சட்டை பல கைகள் மாறி வருகிறது. நம் ஒப்பந்தம் பெரும்பாலும் தையல் தொழிற்சாலையோடு மட்டும்தான். அதற்கு முந்தைய கட்டங்களில் இருப்பவர்களுக்கு நாம் யாரென்றே தெரியாது. நமக்கும் அவர்களைத் தெரியாது.

மொத்தச் சரக்குப் பட்டியலையும் கையில் எடுத்தால் வேலை ஓடாது. அதிகமாக விற்கும் ஒரே ஒரு ஆடையைத் தேர்ந்தெடுங்கள். அதன் ஒரு குறிப்பிட்ட ஆர்டருக்கு, துணி வந்த டெலிவரி சலான், சாயமேற்றிய லாட் எண், நூல் வாங்கிய இன்வாய்ஸ், பஞ்சு பேல் (அழுத்திக் கட்டிய பொதி) வாங்கிய ரசீது ஆகியவற்றைக் கேளுங்கள். தேதிகளும் எடைகளும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று சரிபாருங்கள். பத்து டன் துணிக்கு ஏழு டன் நூலுக்குத்தான் இன்வாய்ஸ் இருக்கிறது என்றால் மீதி மூன்று டன் எங்கிருந்து வந்தது என்பதுதான் உங்கள் அடுத்த கேள்வி.

எந்தெந்த வேலை வெளியே போகிறது என்று தனியாகக் கேளுங்கள். எம்பிராய்டரி, பிரிண்டிங், மணி கோப்பது, பிசிறு வெட்டுவது எல்லாம் ஜாப் ஒர்க்காகவும் வீடுகளுக்கும் போய்விடும். வீட்டிலிருந்து செய்யும் பெண்களுக்கு வருகைப் பதிவேடு கிடையாது, சம்பளச் சீட்டு கிடையாது; எந்த ஆடிட்டிலும் அவர்கள் பெயர் வருவதில்லை. இந்தத் தகவலை மறைக்காமல் சொல்லும் சப்ளையர் மீது பாயாதீர்கள். வெளிவேலையே கூடாது என்று அவருடைய ஆர்டரை வெட்டினால், அந்தச் செய்தி மற்ற சப்ளையர்களுக்குப் போய்ச் சேரும். அவர்கள் யாரும் உங்களிடம் வாயைத் திறக்க மாட்டார்கள்.

தொழிற்சாலைகளின் பெயரையும் முகவரியையும் திரட்டி வைத்திருக்கும் ‘ஓப்பன் சப்ளை ஹப்’ என்ற பொதுத் தரவுத்தளத்தை இலவசமாகத் தேடலாம். அதே ஆலையிலிருந்து வேறு எந்த பிராண்டுகள் வாங்குகின்றன என்பதை அதில் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு ஏதாவது சிக்கல் வந்தால் அவர்களோடு சேர்ந்து பேசலாம். ஆலையின் உற்பத்தியில் நூற்றில் இரண்டு பங்கு மட்டும் வாங்கும் நிறுவனம் தனியாகப் போய்ச் சத்தம் போட்டு ஒன்றும் நடக்காது.

நூற்பாலைக்கு முந்தைய கட்டத்தில்தான் பாதை மங்கும். நூற்பாலையில் பல ஊர்ப் பேல்களைக் கலந்து நூற்பார்கள். கலந்த பிறகு எந்த இழை எந்த வயலுடையது என்று கண்ணால் சொல்ல முடியாது. ஆனால் ஆபத்து அதிகம் உள்ள இடங்களில் சில இந்தக் கட்டத்தில்தான் இருக்கின்றன. உஸ்பெகிஸ்தானில் பல ஆண்டுகளாக அரசே மாணவர்களையும் ஆசிரியர்களையும் மருத்துவமனை ஊழியர்களையும் பருத்தி பறிக்க அனுப்பியது. நூற்றுக்கணக்கான பிராண்டுகள் அந்தப் பருத்தியைத் தொடுவதில்லை என்று உறுதியெடுத்தன. முறை மாறியதை உறுதிசெய்துகொண்ட பிறகே, 2022 மார்ச்சில், அந்தப் புறக்கணிப்பு விலக்கப்பட்டது. துர்க்மெனிஸ்தானில் அரசின் கட்டாயம் இன்னும் தொடர்கிறது. உலகப் பருத்தியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு விளையும் சீனாவின் சின்ஜியாங் பகுதியில் உய்குர் மக்கள் அரசுத் திட்டங்களின் வழியாகக் கட்டாய வேலைக்கு அனுப்பப்படுவதாக விரிவான ஆவணங்கள் வெளிவந்திருக்கின்றன. சீனா இதை மறுக்கிறது. அங்கிருந்து நேரடியாக வாங்கவில்லை என்பதால் உங்களுக்குப் பிரச்சினை இல்லை என்று இருந்துவிட முடியாது. அந்தப் பருத்தியில் நூற்ற நூல் வேறு நாடுகளின் துணி ஆலைகளுக்கும் போகிறது.

படி 3: எங்கே முதலில் போவது

எல்லா இடத்தையும் ஒரே நேரத்தில் பார்க்க ஆள் போதாது. வெளிமாநில, வெளிநாட்டுத் தொழிலாளர்கள் அதிகம் உள்ள இடம், கான்ட்ராக்டர் மூலம் ஆள் எடுக்கும் இடம், முதலாளியே விடுதி நடத்தும் இடம், தொழிற்சங்கத்துக்கு வாய்ப்பே இல்லாத இடம் ஆகியவற்றுக்கு முன்னுரிமை கொடுங்கள். ஐ.நா. 2011இல் ஏற்ற வணிகம், மனித உரிமை குறித்த வழிகாட்டு நெறிகளும், பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பு (ஓ.இ.சி.டி.) 2017இல் ஆடை, காலணித் துறைக்காகவே வெளியிட்ட கையேடும் இதைத்தான் கேட்கின்றன: பாதிப்பு கடுமையாக இருக்கும் இடத்திலிருந்து தொடங்க வேண்டும். எங்கே அதிகப் பணம் செலவிடுகிறோம் என்ற வரிசை இதற்கு உதவாது.

படி 4: உங்கள் ஆர்டரை முதலில் ஆடிட் செய்யுங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் தாண்டிப் போகும் படி இது. என்னைக் கேட்டால் முக்கியமானது இதுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் ஆடையைத் தைக்க 12 நிமிடம் தேவை என்று வைத்துக்கொள்ளுங்கள். தொழிற்சாலையில் 60 தையல்காரர்கள், ஆளுக்கு எட்டு மணி நேரம், அதாவது 480 நிமிடம். 60ஐ 480ஆல் பெருக்கினால் 28,800 நிமிடம். எந்த லைனும் முழுத் திறனில் ஓடாது; 50 சதவீதம் என்றால் 14,400 நிமிடம். 12ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 1,200 ஆடைகள், 25 வேலை நாளில் 30,000. நீங்கள் 25 நாளில் 50,000 கேட்டீர்கள். சப்ளையர் “முடியும் சார்” என்று தலையாட்டினார். மீதி 20,000 ஆடைகள் எங்கே தைக்கப்படும்? இரவுகளிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும், அல்லது உங்களுக்குப் பெயரே தெரியாத ஏதோ ஒரு பட்டறையில். அவர் தலையாட்டிய நேரத்தில் மகிழ்ச்சியடையாமல் இந்தக் கணக்கை அவரோடு உட்கார்ந்து போட்டிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும்.

விலையிலும் இதே கதைதான். பத்து சதவீதம் குறையுங்கள் என்று பேரம் பேசினால் சப்ளையர் எதில் குறைப்பார்? நூல் விலையைச் சந்தை முடிவு செய்கிறது. மின் கட்டணத்தில் பேரம் கிடையாது. அவர் கை வைக்கக்கூடியது கூலியில்தான். அதனால் காஸ்டிங் ஷீட்டில் (ஆடையின் அடக்கவிலைக் கணக்கில்) தொழிலாளர் செலவைத் தனி வரியாகப் போடச் சொல்லுங்கள்: எத்தனை நிமிடம், நிமிடத்துக்கு என்ன கூலி, பி.எஃப். போன்ற சட்டப்படியான தொகைகள் எவ்வளவு. பேரம் அந்த வரியைத் தொடக் கூடாது என்று உங்கள் மேலாளரிடம் முன்கூட்டியே எழுத்தில் ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். இதை அவர் உடனே ஏற்றுக்கொள்வார் என்று நினைக்காதீர்கள்.

பிறகு உங்கள் பக்கத்துத் தாமதங்களைக் கணக்கெடுங்கள். சாம்பிளுக்கு ஒப்புதல் கொடுக்க இரண்டு வாரம் தாமதித்துவிட்டு ஷிப்மென்ட் தேதியை அப்படியே வைத்திருந்தால், அந்த இரண்டு வாரத்தை யாரோ ஒருவர் தூக்கமில்லாமல் தைத்து ஈடுகட்டுகிறார். நிறம் மாற்ற, அளவு மாற்ற ஒரு கடைசித் தேதி வையுங்கள். அதைத் தாண்டினால் ஷிப்மென்ட்டும் அத்தனை நாள் தள்ளிப்போகட்டும். பில்லுக்கு 90 நாள் கழித்துப் பணம் கொடுக்கும் நிறுவனம், சம்பளம் ஏன் நேரத்துக்குப் போடவில்லை என்று சப்ளையரைக் கேட்பதில் அர்த்தமில்லை. 2020இல் கொரோனா தொடங்கியதும் பல பெரிய நிறுவனங்கள் தைத்து முடித்த ஆர்டர்களையே ரத்து செய்தன. அந்த இழப்பு தொழிலாளர்களின் சம்பளத்தில் வந்து விடிந்தது. ரத்து செய்வதற்கான நிபந்தனைகளை ஒப்பந்தத்தில் படித்துப் பாருங்கள். எல்லாமே வாங்குபவருக்குச் சாதகமாக இருந்தால் அதை மாற்றச் சொல்லுங்கள்.

படி 5: தொழிற்சாலைக்குள்

கராச்சியில் அலி எண்டர்பிரைசஸ் தொழிற்சாலை 2012 செப்டம்பரில் தீப்பிடித்து 250க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் அதற்கு எஸ்.ஏ.8000 என்ற தொழிலாளர் நலச் சான்றிதழ் கிடைத்திருந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரல் 24 அன்று டாக்கா அருகே இடிந்து 1,100க்கும் மேற்பட்டவர்களைப் பலிகொண்ட ராணா பிளாசா கட்டடத்திலும் ஆடிட் முடித்த தொழிற்சாலைகள் இருந்தன. முந்தைய நாளே சுவர்களில் விரிசலைப் பார்த்துவிட்டுத் தொழிலாளர்கள் வெளியேறினார்கள். மறுநாள் வேலைக்கு வராவிட்டால் சம்பளம் போய்விடும் என்று மிரட்டி உள்ளே அனுப்பினார்கள். ஆடிட் அறிக்கையை ஓர் ஆரம்பப் புள்ளியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இரட்டைக் கணக்கு வைப்பது இந்தத் தொழிலில் சாதாரணம். ஆடிட்டருக்குக் காட்ட ஒரு வருகைப் பதிவேடு, சம்பளம் போட வேறொன்று. இதைப் பிடிக்க அனுபவசாலிகள் வருகைப் பதிவேட்டை விட்டுவிட்டு உடைந்த ஊசிப் பதிவேட்டைக் கேட்பார்கள். ஆடைக்குள் ஊசித் துண்டு போய்விடக் கூடாது என்பதற்காக, ஒவ்வொரு ஊசி உடையும்போதும் தேதி, நேரம், மெஷின் எண் எழுதி, உடைந்த துண்டுகளை ஒட்டிவைப்பது வழக்கம். அது தரக் கட்டுப்பாட்டுக்கான பதிவேடு என்பதால் அதைத் திருத்த யாருக்கும் தோன்றுவதில்லை. ஞாயிறு இரவு பத்தரை மணிக்கு 14ஆம் மெஷினில் ஊசி உடைந்திருக்கிறது. வருகைப் பதிவேட்டிலோ அன்று விடுமுறை. கட்டிங் பதிவேடு, இன்லைன் செக்கிங் அறிக்கை, ஜெனரேட்டர் டீசல் கணக்கு ஆகியவற்றையும் இப்படியே ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

சம்பளச் சீட்டில் பிடித்தம் என்ற பகுதியை நிதானமாகப் படியுங்கள். விடுதி, சாப்பாடு, சீருடை, முன்பணம், அபராதம் என்று எல்லாம் போக மாதக் கடைசியில் கைக்கு என்ன வருகிறது? முன்பணம் மாதத்துக்கு மாதம் குறைகிறதா, அல்லது ஏறிக்கொண்டே போகிறதா? சம்பளம் வங்கிக் கணக்கில் போகிறது என்று பெருமையாகச் சொன்னால், ஏ.டி.எம். அட்டை யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். சூப்பர்வைசரின் மேசை டிராயரில் ரப்பர் பேண்டு போட்ட கட்டாகக் கிடந்தால் பதில் கிடைத்துவிட்டது.

விடுதியில் கட்டிலையும் கழிப்பறையையும் எண்ணிவிட்டு வந்துவிடாதீர்கள். வெளியே போகும் பதிவேட்டைப் பாருங்கள். வாரத்தில் ஒரு நாள், இரண்டு மணி நேரம், வார்டன் துணையோடு என்றிருந்தால் அது விடுதி என்ற பெயரில் நடக்கும் காவல். போன் வைத்துக்கொள்ள அனுமதி இருக்கிறதா என்பதும் முக்கியம்.

தொழிலாளர்களோடு பேசுவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். மேலாளர் தேர்ந்தெடுத்த ஐந்து பேரை, மேலாளர் அறைக்குப் பக்கத்து அறையில், மேலாளர் ஏற்பாடு செய்த மொழிபெயர்ப்பாளரை வைத்துப் பேட்டி கண்டால் ஐந்து பேரும் ஒரே வாக்கியத்தைச் சொல்வார்கள். முடிந்தவரை தொழிற்சாலைக்கு வெளியே, அவர்களுடைய மொழி தெரிந்தவரைக் கொண்டு, பெண்களோடு ஒரு பெண் பேசும்படி ஏற்பாடு செய்யுங்கள். உள்ளூர்த் தொழிற்சங்கமோ அவர்கள் நம்பும் அமைப்போ துணைக்கு இருந்தால் நல்லது. “உங்களைக் கட்டாயப்படுத்துகிறார்களா?” என்று கேட்காதீர்கள், அதற்கு ‘இல்லை’ என்ற ஒரே பதில்தான் வரும். “இந்த வேலை எப்படிக் கிடைத்தது? வர எவ்வளவு செலவானது? அந்தப் பணத்தை யாரிடம் வாங்கினீர்கள்? இன்னும் எவ்வளவு பாக்கி? அவசரமாக ஊருக்குப் போக வேண்டுமென்றால் யாரைக் கேட்க வேண்டும்?” என்று கேளுங்கள். யார் என்ன சொன்னார் என்று தெரியும்படி எதையும் அறிக்கையில் எழுத வேண்டாம். அவர் அந்த லைனில் மறுநாளும் உட்கார வேண்டியவர்.

படி 6: ஆள்சேர்ப்புக் கட்டணம்

புலம்பெயர்ந்து வரும் தொழிலாளி வேலைக்காக ஏஜென்ட்டுக்குக் கட்டும் பணம்தான் பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் தொடக்கம். நிலத்தை அடமானம் வைத்து, வட்டிக்கு வாங்கிக் கட்டியிருப்பார். கடன் தீரும் வரை என்ன நடந்தாலும் வேலையை விட முடியாது. சட்டத்தை மதிக்கும் நல்ல தொழிற்சாலையிலும் இது நடக்கலாம், ஏனென்றால் பணம் கைமாறுவது வேறொரு நாட்டில். படகோனியா நிறுவனம் தைவானில் இருந்த தன் துணி, நூல் சப்ளையர்களை ஆராய்ந்தபோது, சில தொழிலாளர்கள் வேலைக்காக 7,000 டாலர் வரை ஏஜென்ட்டுகளுக்குக் கொடுத்திருந்தது தெரிந்தது. அதற்குப் பிறகுதான் அது கட்டணத்தை முதலாளியே ஏற்க வேண்டும் என்ற விதியைக் கொண்டுவந்தது.

நீங்கள் செய்ய வேண்டியது: ஆள்சேர்ப்புச் செலவு முழுவதும் முதலாளியுடையது என்பதை ஒப்பந்தத்தில் சேருங்கள். ஏஜென்ட்டுகளின் பெயரையும், அவர்களுக்குத் தொழிற்சாலை கொடுத்த தொகையின் ரசீதையும் கேளுங்கள். ஓர் ஆளைக் கொண்டுவர ஆகும் விமானச் செலவைவிடக் குறைந்த தொகையை ஏஜென்ட்டுக்குக் கொடுத்திருந்தால், மீதியைத் தொழிலாளி கொடுத்திருக்கிறார். பாஸ்போர்ட்டைப் பத்திரத்துக்காக வாங்கி வைத்திருக்கிறோம் என்ற விளக்கத்தை ஏற்க வேண்டாம். சாவி அவரவரிடமே இருக்கும் பெட்டி கொடுத்தால் போதும்.

படி 7: சான்றிதழ் எதைச் சொல்கிறது என்று படியுங்கள்

ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்டு 100 முத்திரை துணியில் தீங்கான ரசாயனம் இருக்கிறதா என்ற சோதனையைப் பற்றியது. தைத்தவரின் சம்பளத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது. ஜி.ஓ.டி.எஸ். என்ற சான்றிதழ் இயற்கைப் பருத்தியோடு தொழிலாளர் நிபந்தனைகளையும் பார்க்கிறது. ஆனால் ஆலைக்குச் சான்றிதழ் இருப்பது வேறு, உங்கள் சரக்குக்கு இருப்பது வேறு. அந்தக் குறிப்பிட்ட சரக்குக்கான பரிவர்த்தனைச் சான்றிதழைக் கேட்டு எடையைச் சரிபாருங்கள். மாஸ் பேலன்ஸ் முறையில், அதாவது சான்றுள்ள பருத்தியையும் மற்றதையும் கலந்துவிட்டு எடையை மட்டும் கணக்கு வைக்கும் முறையில் வரும் பருத்தியில், நீங்கள் பணம் கொடுத்த அளவுக்கு நல்ல பருத்தி எங்கோ விளைந்திருக்கும். உங்கள் சட்டையில் இருப்பது அதுதான் என்று சொல்ல முடியாது.

படி 8: கண்டுபிடித்துவிட்டால்

உடனே ஆர்டரை ரத்து செய்துவிட்டு ஓடிவிடத் தோன்றும். பெயர் காப்பாற்றப்படும், தொழிலாளிக்கோ கடன் அப்படியே இருக்க, வேலை மட்டும் போயிருக்கும். முதலில் தகவல் சொன்னவரின் பாதுகாப்பு. அடுத்து ஆவணங்கள் திரும்ப வர வேண்டும், பிடித்துவைத்த சம்பளம் கைக்கு வர வேண்டும், கட்டிய ஏஜென்ட் கட்டணம் திருப்பித் தரப்பட வேண்டும். குழந்தை வேலை செய்திருந்தால் வெளியே அனுப்பியதோடு நிறுத்தாமல், பள்ளிச் செலவும் வீட்டுக்கு நின்றுபோன வருமானமும் யார் பொறுப்பு என்று எழுதிக்கொள்ளுங்கள். இந்தச் செலவில் உங்கள் நிறுவனமும் பங்கேற்க வேண்டியிருக்கும். பல ஆண்டுகள் குறைந்த விலையில் வாங்கியவர் அதை மறுப்பதற்கு நியாயம் இல்லை. சப்ளையர் எதற்கும் மசியவில்லை என்றால் முன்னறிவிப்புக் கொடுத்து, சம்பள பாக்கிகள் தீர்ந்ததை உறுதிசெய்துகொண்டு விலகுங்கள்.

புகார் சொல்ல ஒரு வழியும் வேண்டும். சுவரில் ஒட்டியிருக்கும் ஹாட்லைன் எண்ணுக்கு, தொழிலாளர்கள் பேசும் மொழியில், இரவு ஒன்பது மணிக்கு ஒரு முறை நீங்களே போன் செய்து பாருங்கள். எடுப்பது தொழிற்சாலை மனிதவள மேலாளராக இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

படி 9: சட்டமும் கோப்பும்

பிரிட்டனின் 2015ஆம் ஆண்டு நவீன அடிமைத்தனச் சட்டம் ஆண்டு விற்றுமுதல் 3.6 கோடிப் பவுண்டும் அதற்கு மேலும் உள்ள நிறுவனங்களை அறிக்கை வெளியிடச் சொல்கிறது. ஒன்றும் செய்யவில்லை என்று அறிக்கை விட்டாலும் சட்டப்படி தப்பில்லை என்பது அதன் ஓட்டை. ஆஸ்திரேலியாவும் 2018இல் அறிக்கை முறையைத்தான் கொண்டுவந்தது. பிரான்ஸும் (2017) ஜெர்மனியும் (2023 முதல்) பெரிய நிறுவனங்கள் ஆபத்தைத் தேடித் தடுக்க வேண்டும் என்ற கடமையையே சட்டமாக்கின. கட்டாய உழைப்பில் உருவான பொருட்களைத் தன் சந்தையில் தடைசெய்யும் ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி 2027 டிசம்பரிலிருந்து நடைமுறைக்கு வரும். சிறிய நிறுவனம்தானே என்று இருந்துவிட முடியாது. பெரிய வாடிக்கையாளர் தன் கடமைக்கான கேள்விப் பட்டியலை உங்களுக்கு அனுப்புவார்.

எல்லாவற்றிலும் கடுமையானது அமெரிக்காவின் உய்குர் கட்டாய உழைப்புத் தடுப்புச் சட்டம். 2022 ஜூன் முதல், சின்ஜியாங்கோடு எந்தக் கட்டத்தில் தொடர்பிருந்தாலும் சரக்கு கட்டாய உழைப்பில் உருவானது என்றே அமெரிக்கச் சுங்கத்துறை எடுத்துக்கொள்கிறது. இல்லை என்று நிரூபிப்பது இறக்குமதியாளரின் பொறுப்பு. கன்டெய்னர் துறைமுகத்தில் நின்ற பிறகு ஜின்னிங் ஆலையைத் தேடிப்பிடித்து ஆறு மாதத்துக்கு முந்தைய பேல் ரசீதைக் கேட்டால் கிடைக்காது. படி 2இல் சேர்த்த ரசீதுகளை ஒவ்வொரு ஆர்டருக்கும் தனிக் கோப்பாக, பேலிலிருந்து பேக்கிங் லிஸ்ட் வரை வரிசையாக, ஷிப்மென்ட் கிளம்பும் முன்பே முடித்துவையுங்கள். ஏதாவது ஒரு தாள் வராவிட்டால் அது எந்தக் கட்டத்துத் தாள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை நேரில் போக வேண்டிய இடம் அதுதான்.